உலகச் சந்தையும் நம் மலைகளின் ஆற்றல் கணக்கும்

கோத்தகிரி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உலகமயமாதல் வளரும் நாடுகளின் ஆற்றல் பயன்பாட்டையும் சுற்றுச்சூழலையும் எப்படி மாற்றியது என்பதைப் பற்றிப் பொருளியல் நூல்கள் நிறையப் பேசுகின்றன. ஆனால் அவற்றின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் சீனாவிலிருந்துமே வருகின்றன. நீலகிரியிலும் பழனி மலையிலும் வாழ்கிற நாம் நம் தொழில்களையும் நிலத்தையும் கொண்டே இந்தக் கேள்வியை ஆராய முடியும் என்று நம்புவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த சட்டகம் இது. 1991இல், வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் பேச்சளவில் இருந்தபோது, ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள், வணிகம் மூன்று வழிகளில் சுற்றுச்சூழலைத் தொடுகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். சந்தை விரிந்தால் உற்பத்தி கூடும், அதோடு எரிபொருள் செலவும் கூடும் என்பது அளவு விளைவு. ஒரு நாடு எந்தத் தொழிலை வளர்க்கிறது, எதைக் கைவிடுகிறது என்பது மாறுவது சேர்க்கை விளைவு. மேம்பட்ட எந்திரங்கள் வந்து அதே பொருளைக் குறைந்த ஆற்றலில் செய்ய முடிவது நுட்ப விளைவு. வருமானம் உயரும்போது முதலில் மாசு கூடிப் பிறகு குறையும் என்கிற கவிழ்ந்த வளைவும் அந்த ஆய்விலிருந்தே புகழ் பெற்றது.

அந்த வளைவைப் பற்றித்தான் எனக்கு ஐயம் இருக்கிறது. கந்தக டை ஆக்சைடு, நகரப் புகை போன்றவற்றில், அதாவது மக்கள் மூச்சில் உணர்ந்து உடனே முறையிடக்கூடிய மாசுகளில், அது ஓரளவு தெரிந்தது. கரியமில வாயுவிலோ, காட்டின் இழப்பிலோ, மண்ணில் இறங்கிய நஞ்சிலோ அதே உறுதியோடு அதைக் காண முடியவில்லை. வருமானம் உயர்ந்ததால் மாசு தானாகக் குறைந்தது என்பதைவிட, பாதிப்பைக் கேட்க ஆளும் அதிகாரமும் இருந்த இடங்களில் குறைந்தது என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. உலகச் சந்தை ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலையில் மலையின் விறகும், நீரும், மேல்மண்ணும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அவரவர் தொழிலில் அறிந்ததை எழுதுங்கள்.

குன்னூர் ஆலைப் பொறியாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தேயிலை ஆலைகளின் எந்திரப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு கிலோ தூள் செய்ய ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய மூன்றரைக் கிலோவும் நீர்தான். அதை ஆவியாக்கி வெளியேற்றுவதில்தான் ஆலையின் ஆற்றல் பெரும்பகுதி செலவாகிறது. வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகளும், கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. எந்திரங்களும் மின்சாரத்தில் ஓடுகின்றன. உலர்த்தும் டிரையருக்கான வெப்பக்காற்று விறகு அடுப்பிலிருந்து வருகிறது. இந்த வெப்பத்தோடு ஒப்பிட்டால் மின்சாரம் சிறு பங்குதான். வெளியே பேசும்போது எல்லோரும் மின்கட்டணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மலையைத் தின்பது விறகு.

இனி சந்தைக்கு வருகிறேன். இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வாங்குநராகச் சோவியத் ஒன்றியம் இருந்தது. ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு அது. 1991இல் அந்த ஒன்றியம் கலைந்தது, உறுதியான அந்தக் கொள்முதலும் போனது. அதே ஆண்டில்தான் நம் நாடும் பொருளாதாரத்தைத் திறந்தது. கென்யா, இலங்கை, வியட்நாம் ஆகியவற்றின் தேயிலையோடு நேருக்கு நேர் போட்டியிட வேண்டிய நிலை வந்து, 1990களின் இறுதியில் நீலகிரிச் சிறு விவசாயிகள் கொழுந்து விலைக்காகத் தெருவில் இறங்கிப் போராடும் அளவுக்கு விலை சரிந்தது.

நான் சொல்ல வருவது இதற்கு அடுத்தது. விலை சரிந்தபோது ஆலைகளின் ஆற்றல் செலவு குறையவில்லை. கிலோவுக்குக் கிடைக்கும் மிச்சம் சுருங்கியதும் கூடுதல் கொழுந்தை அரைத்து ஈடுகட்ட முயன்றார்கள். முற்றிய இலையும் காம்பும் கலந்து வந்தன. அடுப்புக்குக் காப்புறை போடவோ, பழைய இரும்புக் காற்றாடிகளை எடை குறைந்த கண்ணாடியிழைக் காற்றாடிகளாக மாற்றவோ கையில் பணம் இல்லை. விறகைப் பிளந்து, கூரையின் கீழ் அடுக்கி, சில மாதம் காயவிட்டு எரித்தால் கணிசமாக மிச்சமாகும். ஆனால் அப்படிக் காயவிடுவது என்றால் அத்தனை மாதத்துக்கான முதலை விறகில் முடக்குவதாகும். வங்கிக் கடனில் ஓடும் சிறு ஆலை ஈர விறகையே அடுப்பில் போட்டது. அந்த விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி விறகிலுள்ள நீரை ஆவியாக்கவே போய்விடும். வணிகம் பெருகினால் நுட்பம் மேம்படும் என்று நூல் சொல்கிறது. விலை விழும் வணிகத்தில் நுட்பம் உறைந்துபோவதை நான் கண்ணால் கண்டேன்.

தேயிலை வாரியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தென்னிந்தியச் சிறு ஆலைகளுக்காக ஆற்றல் சேமிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியதையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். அதில் கற்றுக்கொண்டவை பெரிய வித்தைகள் அல்ல. காய்ந்த விறகு, கசியாத குழாய், சரியான அளவில் காற்று, தேவைக்கேற்ப வேகம் மாறும் மோட்டார் ஆகியவைதாம். எல்லாம் போட்ட பணத்தை விரைவில் திருப்பித் தருபவை. முதல் தவணைப் பணம்தான் பலருக்குக் கிடைக்கவில்லை.

கூடலூர் சிறு விவசாயி எழுதியது:

பொறியாளர் ஐயா ஆலையைச் சொன்னார்கள், நான் தோட்டத்தைச் சொல்கிறேன். கொழுந்து விலை இறங்கிய ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் பலர் நிழலுக்காக வைத்திருந்த சில்வர் ஓக் மரங்களை விற்றுத்தான் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். அந்த மரமும் விறகாகவே போனது. இலங்கையோடு 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், அங்கிருந்து வரும் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை சுங்கச் சலுகை கொடுக்கப்பட்டது. ஏற்கெனவே விழுந்த விலையின் மேல் அது இன்னும் ஒரு கவலையைச் சேர்த்தது.

ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். நாங்கள் தோட்டத்துக்குப் போடும் உரத்தில் உள்ள ஆற்றலை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா? யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அந்த வாயுவில் பெரும்பகுதி கப்பலில் இறக்குமதியாகிறது. பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் உர மூட்டைக்கு நாங்கள் கடைகளின் முன் நின்றோம்.

கோத்தகிரி ஆசிரியர் எழுதியது:

தம்பி கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒரு பொருளுக்குள் மறைந்திருக்கும் ஆற்றலைக் கணக்கிடும் முறை பொருளியலில் உண்டு. ஒரு நாட்டின் எல்லைக்குள் எரிந்ததை மட்டும் எண்ணாமல், அந்த நாட்டு மக்கள் நுகரும் பொருள்களுக்காக உலகில் எங்கெல்லாம் எரிந்ததோ அதையும் சேர்த்து எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் பல செல்வ நாடுகளின் உமிழ்வு அவர்களே அறிவிப்பதைவிடக் கூடுதலாகவும், சீனாவின் உமிழ்வு குறைவாகவும் தெரியும். இந்தியாவும் தான் நுகர்வதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மற்றவர்களுக்காக எரிக்கும் நாடுதான், சீனா அளவுக்கு இல்லையென்றாலும். உரத்தைப் பொறுத்தவரை நாம் வாங்குபவர் பக்கம், தேயிலையைப் பொறுத்தவரை விற்பவர் பக்கம். இரண்டு பக்கத்திலும் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை என்பதுதான் மலை விவசாயியின் இக்கட்டு.

கொடை மலைவாசி எழுதியது:

சேர்க்கை விளைவு என்று ஐயா குறிப்பிட்டதற்குப் பழனி மலையில் உலகமே அறிந்த ஒரு சான்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைய இளைஞர்கள் பலர் அதைப் பெயரளவில் மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980களின் தொடக்கத்தில் அங்கே மூடப்பட்டு, எந்திரங்களோடு கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போது அது சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1987இல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் உலகளவில் வாங்கியபோது, கொடைக்கானல் ஆலை இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்த வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போயின. இந்த மலை கொடுத்தது இடமும் உழைப்பும்தான். பெற்றது சம்பளம், அதோடு எவரும் கேட்டு வாங்காத பாதரசம்.

2001 மார்ச் மாதத்தில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வளரும் நாட்டிலிருந்து செல்வ நாட்டுக்கு நஞ்சு திரும்பிப் போன அரிய நிகழ்வு அது. முன்னாள் தொழிலாளர்களின் வழக்கு மேலும் பல ஆண்டு நடந்து, 2016இல் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்பதில் மட்டும் நெடிய சர்ச்சை நீடித்தது. 20 மில்லிகிராம் என்ற அளவை அதிகாரிகள் ஏற்றார்கள். சோலைக்காட்டின் விளிம்பில், பாம்பாற்றின் நீர்ப்பிடிப்புக்கு மேலே இருக்கும் நிலத்துக்கு அது போதாது என்று ஆர்வலர்கள் வாதிட்டார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி, பாசியிலும் மீனிலும் சேரும் பொருள். ஒரு நகர மனைக்குப் போதுமான அளவுகோல் ஒரு நீரூற்றுத் தலைக்குப் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மாசு கூடிய தொழில் விதிகள் தளர்ந்த நாட்டுக்கு இடம்பெயரும் என்ற கருதுகோளை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோவை மாணவி எழுதியது:

மலைவாசி ஐயாவின் பதிவை வருத்தத்தோடு படித்தேன். அந்த மக்களின் இழப்பை எந்தக் கோட்பாடும் சிறிதாக்கிவிட முடியாது. இருந்தாலும் பொருளியல் முதுகலை பயிலும் மாணவியாக ஒரு மறுப்பை முன்வைக்க அனுமதியுங்கள்.

தொழில்கள் மாசு விதிகளுக்காகவே நாடு விட்டு நாடு ஓடுகின்றன என்பதற்கு நாடளவிலான தரவுகளில் கிடைத்த சான்று நாம் நினைப்பதைவிட வலுக் குறைந்தது. பெரும்பாலான தொழில்களில் மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு மொத்தச் செலவில் சிறு பங்கு. கூலி, துறைமுகம், மின்சாரம், திறமையான ஆட்கள் ஆகியவையே இடத்தைத் தீர்மானிக்கின்றன. இன்னொன்று, கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் நம் ஆற்றல் பயன்பாடு சிக்கனமாக இருந்ததா? தொழில் நடத்த அரசு உரிமம் வேண்டியிருந்த அந்தக் காலத்துச் சிமெண்ட் ஆலைகளும் உருக்காலைகளும் ஒரு டன்னுக்கு எரித்த நிலக்கரி இன்று எரிப்பதைவிடக் கூடுதல். போட்டி வந்த பிறகுதான் அவை எந்திரங்களை மாற்றின.

சூரிய மின்தகட்டையும் பாருங்கள். 2010இலிருந்து 2020க்குள் அதன் விலை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. ஜெர்மனி மானியம் கொடுத்துச் சந்தையை உருவாக்கியது, சீனா பெருமளவில் செய்து விலையை இறக்கியது, கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. உலக வணிகம் இல்லாமல் இது நடந்திருக்காது. இந்தியரின் தலைக்கான ஆண்டுக் கரியமில வாயு உமிழ்வு 2 டன் அளவில்தான் இருக்கிறது, உலகச் சராசரியில் அது பாதிகூட இல்லை. வளர வேண்டிய நாட்டுக்கு மலிவான தூய நுட்பத்தைக் கொண்டுவருவதும் இதே சந்தைதான். ஆகவே கொடைக்கானலில் நடந்ததற்குக் காரணம் உலகமயமாதலா, அல்லது கண்காணிக்க வேண்டிய நம் அமைப்புகளின் தளர்ச்சியா என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

கோத்தகிரி ஆசிரியர் எழுதியது:

மகளே, நல்ல மறுப்பு. முதல் பகுதியைப் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு சராசரியில் சிறியது என்பது உண்மை. ஆனால் அந்தச் சராசரிக்குள் பாதரசம், தோல் பதனிடுதல், சாயம், உலோக உருக்கு போன்ற சில தொழில்கள் ஒளிந்துகொள்கின்றன. அவற்றில் அந்தச் செலவு சிறியது அல்ல. அவை வந்து தங்கும் ஊருக்குச் சராசரியால் ஆறுதல் கிடைப்பதில்லை.

இந்தோனேசியாவின் அனுபவம் இதற்குப் பொருந்தும். மின்கல வண்டிகளுக்கு நிக்கல் தேவைப்படும் காலத்தில், 2020இல் அந்த நாடு நிக்கல் தாதுவின் ஏற்றுமதியைத் தடைசெய்து, உருக்காலைகளைத் தன் மண்ணிலேயே வரவழைத்தது. வேலையும் வருவாயும் பெருகின. ஆனால் சுலாவெசித் தீவிலும் ஹல்மஹெராவிலும் அந்த ஆலைகளுக்கென்றே நிலக்கரி மின்நிலையங்கள் எழுந்தன, காடு வெட்டப்பட்டது. ஐரோப்பிய நகரத் தெருவில் புகையில்லாத வண்டி ஓடுவதற்கான புகையின் ஒரு பங்கு சுலாவெசியின் வானில் கலக்கிறது. நுட்ப விளைவு ஓரிடத்தில், அளவு விளைவு வேறிடத்தில். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதாத வரை உலகமயமாதல் ஆற்றலை மிச்சப்படுத்தியது என்றோ வீணாக்கியது என்றோ ஒரு வரியில் சொல்ல இயலாது.

கண்காணிப்பின் தளர்ச்சியா, உலகமயமாதலா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் எண்ணம். முதலீட்டை ஈர்க்க மாநிலங்களும் நாடுகளும் போட்டியிடும்போது, கடுமையாகக் கண்காணிப்பதே ஒரு குறையாகக் கருதப்படும் சூழல் உருவாகிறது. அதேசமயம் கொடைக்கானலில் கழிவு திரும்பிச் சென்றதற்கும் உலகத் தொடர்பே உதவியது. ஓர் உலக நிறுவனத்தின் பெயர் அதன் சொந்த நாட்டுச் செய்தித்தாளில் அடிபடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், மூஞ்சிக்கல்லின் குரல் திண்டுக்கல்லைக் கூடத் தாண்டியிருக்காது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்ததும் நாடுகள் கூடிப் பேசியதால்தான்.

பழனி மலைப் புல்வெளி ஆர்வலர் எழுதியது:

மாணவி சொன்ன ஒரு கருத்துக்கு நான் வலுச் சேர்க்க விரும்புகிறேன். சந்தையைத் திறந்ததால் மட்டும் மலை கெடவில்லை, மூடியபோதும் கெட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்குத் துவர்ப்பூட்டும் பட்டைச் சாறு வேண்டியிருந்தது. அது தென்னாப்பிரிக்காவின் வாட்டில் மரத்திலிருந்து, அதாவது நாம் சீகை என்று சொல்லும் மரத்திலிருந்து, வந்துகொண்டிருந்தது. நிறவெறியை எதிர்த்து 1946இல் இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. அது அறம் சார்ந்த முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிற்பாடு உள்நாட்டுத் தேவைக்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் சீகை மரங்களும், ரேயான் துணியிழை செய்யும் மரக்கூழுக்காகக் கற்பூர மரங்களும் (யூகலிப்டஸ்) பரவலாக நடப்பட்டன. அன்றைய வனத்துறையின் கண்ணுக்குப் புல்வெளி பயனற்ற வெறும் தரையாகவே பட்டது.

விளைவை ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் அளந்திருக்கிறார்கள். 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலை உயர்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. மரத் தோட்டமும் வேளாண்மையும் அந்த இடத்தைப் பிடித்தன. தோல் ஆலைகள் குரோமிய உப்புக்கு மாறிவிட்டன, ரேயான் கூழின் தேவையும் வற்றிவிட்டது. ஆனால் சீகை மரம் யாரும் நடாமலே பரவிக்கொண்டிருக்கிறது. சந்தை விலகிய பிறகும் அது விட்டுச் சென்றது வளர்கிறது என்பதைப் பொருளியல் சட்டகங்கள் பேசுவதாகத் தெரியவில்லை. புல்வெளி மழையைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடுவது. அது போனால் கோடையில் வைகைக்கும் அமராவதிக்கும் இறங்கும் நீர் குறையும், நீலகிரியில் குந்தா நீர்மின் நிலையங்களின் மின்சாரத்துக்கும் அதே கதிதான்.

குந்தா ஓய்வுபெற்ற மின்பணியாளர் எழுதியது:

குந்தாவின் பெயர் வந்ததால் எழுதுகிறேன். இந்த மலையின் ஆற்றல் வரலாற்றில் உலகத் தொடர்பு 1991இல் தொடங்கியது அல்ல. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தைக் கொண்டே கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. அந்த நூலும் துணியும் வெளிச் சந்தைக்கும் போயின. அதன் பிறகு குந்தாத் திட்டம், காமன்வெல்த் நாடுகள் தொடங்கிய கொழும்புத் திட்டம் என்ற வளர்ச்சி உதவி ஏற்பாட்டின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு, 1960இல் முதல் நிலையம் ஓடியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று நீர்த்தேக்கங்கள் வந்தன. அவற்றின் அடியில் போனவை தொதவர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளும் சோலைகளும். அந்த மின்சாரத்தால் தமிழ்நாடு வளர்ந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இழந்தவர்களுக்குப் பங்கு கிடைத்ததா என்று கேட்டால் தயங்காமல் இல்லை என்பேன்.

இப்போது நடப்பதை மாணவி கவனிக்க வேண்டும். சூரிய மின்தகடு மலிவானது, காற்றாலைகள் பெருகின, எல்லாம் நல்லதே. ஆனால் வெயிலும் காற்றும் நமக்கு வேண்டிய நேரத்தில் வருவதில்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு நீரைக் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்கள் தேவைப்படுகின்றன. எமரால்டுக்கும் போர்த்திமந்துக்கும் இடையே 500 மெகாவாட் அளவில் குந்தா நீரேற்றுத் திட்டம் அதற்காகத்தான். ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆற்றல் இழப்பாகும். ஆனாலும் அந்த மின்சாரத்தை வீணே விடுவதைவிட இது மேல்.

குந்தாவில் அணைகள் ஏற்கெனவே இருப்பதால் புதிய நிலம் அதிகம் மூழ்காது. அதை நான் ஆதரிக்கிறேன். சில்லஹல்லாவில் 1000 மெகாவாட் அளவில் முன்மொழியப்பட்ட திட்டத்துக்கு எதிராகப் படுகர் ஊர்களிலிருந்து எழுந்த எதிர்ப்பையும் நியாயமானதாகவே பார்க்கிறேன். அங்கே விளைநிலமும் ஓடையும் போகும். 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்து சரிவுகள் பெயர்ந்ததைக் கண்ட எவரும், இந்த மலைக்குள் புதுச் சுரங்கம் குடைவதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமவெளியில் தகடு மலிவாவதன் சுமை ஒன்று மலைமேல் ஏறுகிறது. அந்தச் சுமைக்கு விலை என்ன என்று திட்ட அறிக்கைகள் சொல்ல வேண்டும்.

ஊட்டி விடுதிக்காரர் எழுதியது:

சுற்றுலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் ஏற்றுமதியால் வந்த வருமானம்தான் கோடையில் எங்கள் அறைகளை நிரப்புகிறது. ஒவ்வொரு அறையிலும் வெந்நீர்க் கொதிகலன், மின்தடையின்போது டீசல் ஜெனரேட்டர், சாலையில் வரிசையாக நின்று புகையும் வண்டிகள். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது எங்கள் தொழிலில் பலர் எதிர்த்தார்கள். நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். குடிநீருக்கே லாரி தேடும் ஊர் எல்லையில்லாமல் ஆட்களை ஏற்க முடியாது.

தாண்டிக்குடி காபி விவசாயி எழுதியது:

எங்கள் கீழ்ப்பழனிப் பக்கம் காபி மரநிழலில் வளர்கிறது. மலை வாழை, மிளகு, ஆரஞ்சு எல்லாம் கலந்த தோட்டம். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே விற்கக் கூடாது, ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடமும் வரைபடப் புள்ளியோடு தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறை நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும் வணிகர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஏற்றுமதியாகும் இந்தியக் காபியில் பெரும்பகுதி இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளுக்குப் போவதால் நாம் இதை ஒதுக்க முடியாது.

நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. காட்டை வெட்டாமல் நிழலில் காபி வளர்த்தவனுக்கு இது மதிப்பாக வர வேண்டும். ஆனால் பட்டா தகராறில் கிடக்கும் இரண்டு ஏக்கர்க்காரர் புள்ளி குறிக்கப் போனால் கிராம அலுவலகத்திலேயே நின்றுவிடுகிறார். செலவு விவசாயிக்கு, பெயர் கோப்பையில் ஊற்றி விற்பவருக்கு. உயர்ந்த தரத்தைக் கேட்கும் சந்தை அதற்கான விலையையும் கூடவே தர வேண்டாமா?

கோவை மாணவி எழுதியது:

இந்தக் கேள்வி இரும்புக்கும் பொருந்தும், ஐயா. இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கு எல்லையில் வரி விதிக்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் அறிக்கை அளவில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் கட்டண அளவில் கொண்டுவந்திருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் ஆகியவை அதில் வருகின்றன, தேயிலை வரவில்லை. ஏறக்குறைய முக்கால் பங்கு மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து எடுக்கும் நாட்டுக்கு அது பெரிய சுமை. அந்தப் பணம் ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகாமல், உமிழ்வைக் குறைக்க முதலீடு தேவைப்படும் நாட்டுக்குத் திரும்பி வந்தால் நுட்ப விளைவு உண்மையாகும் என்று இந்த இழையைப் படித்த பிறகு உறுதியாகத் தோன்றுகிறது.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. விறகு மீண்டும் வளர்வது, அதனால் அதை எரிப்பதில் கரியமிலச் சுமை இல்லை என்று பாடநூலில் படித்திருக்கிறேன். அப்படியானால் நீலகிரித் தேயிலையை நிலக்கரியில் உலர்த்திய தேயிலையைவிடத் தூய்மையானது என்று உலகச் சந்தையில் சொல்லி விற்கலாம் அல்லவா?

குன்னூர் ஆலைப் பொறியாளர் எழுதியது:

சொல்லலாம் அம்மா, இரண்டு நிபந்தனைகளோடு. நாட்டு உமிழ்வுக் கணக்கில் விறகு எரிவது ஆற்றல் பிரிவில் எண்ணப்படுவதில்லை. மரம் வெட்டிய நிலத்தின் கணக்கில் எண்ண வேண்டும் என்பது விதி. வெட்டிய அளவுக்கு மீண்டும் வளர்ந்தால்தான் அந்த இரண்டாவது கணக்கு சமனாகும். ஆகவே முதல் நிபந்தனை, மரம் எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். நான் பணிபுரிந்த ஆலைகளில் விறகு லாரிக்கு எடைச்சீட்டு இருக்கும், தொகை இருக்கும், எந்தச் சரிவில் வெட்டியது என்ற விவரம் இருக்காது. காபித் தோட்டத்துக்கு வரைபடப் புள்ளி கேட்கிறவர்கள் தேயிலைக்கும் கேட்டால், விறகுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை எந்த மரம் என்பது. புல்வெளி ஆர்வலர் சொன்ன சீகையும் கற்பூரமும் உயர்புல்வெளியிலிருந்து அகற்றப்பட வேண்டியவை. அவற்றை முறையான அனுமதியோடும் மண் சரியாதபடியும் எடுத்து, காயவைத்து, ஆலைகளுக்குக் கொடுத்தால், அது சோலை விளிம்பில் வெட்டும் விறகைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் அங்கே மீண்டும் மரம் நடக் கூடாது, புல் வர வேண்டும். அப்படியானால் அது ஒருமுறை கிடைக்கும் விறகுதான், ஆண்டுதோறும் கிடைப்பது அல்ல. அந்த இருப்பு தீர்வதற்குள் ஆலைகள் தங்கள் தேவையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கூரையில் காற்றைச் சூரிய வெப்பத்தில் முன்கூட்டியே சூடாக்கி டிரையருக்கு விடும் அமைப்பு வெயில் உள்ள மாதங்களில் நன்றாக உதவும், தென்மேற்குப் பருவமழையில் உதவாது. அதற்கும் காய்ந்த விறகின் சேமிப்புக் கிடங்குக்கும் சிறு ஆலைகள் நாலைந்து சேர்ந்து கூட்டாகக் கடன் பெறுவதே நடைமுறைக்கு ஏற்றது. கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் இந்த மலையில் ஏற்கெனவே இருப்பதால் தொடங்குவதற்கு அவையே பொருத்தமான இடம். எந்தெந்த ஆலை ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு எரிக்கிறது என்ற பதிவேட்டை இங்குள்ள ஆலை நண்பர்கள் பகிர முன்வந்தால், ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து இந்த இழையிலேயே பதிவிடுகிறேன். ஈரப்பதம் அளந்த விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அது இல்லாமல் விறகின் எடையை மட்டும் வைத்து எதையும் ஒப்பிட முடியாது.